அசையும் சிறகும் அசையாப் படமும்

ஒரு கலைப்படைப்பின் உயர்வை அதற்குச் செலவான உழைப்பைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையாகாது. கவிதைக்குப் பொருந்தும் இவ்வுண்மை புகைப்படக் கலைக்கும் பொருந்தும். எனினும், விரைந்து திரியும் சிறு பறவைகளைப் படமெடுக்கும் துறையில் இது பெரிதும் மறக்கப்பட்டுள்ளது. இறகின் ஒவ்வோர் இழையும் தெளிவாகத் தெரிகின்றதா என்னும் ஒரே வினாவோடு அங்குத் திறனாய்வு முடிந்துவிடுகின்றது.

தெளிவு என்பது ஒரு காலத்தில் அருஞ்செயலாகவே இருந்தது. தேன்சிட்டு அலகு முதல் வால் வரை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அளவினது. ஒரு மலரில் அது தங்குவது சில நொடிகளே. அதன் சிறகசைவை நிறுத்திக் காட்ட வேண்டுமாயின், நொடியை 2,000 கூறிட்டு, அதில் ஒரு கூற்றளவே ஒளியை உள்ளே விடுதல் வேண்டும். இலை நிழலில் அவ்வளவு ஒளி படத்திற்குப் போதுவதில்லை. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென் ழூல் மாரே, பறவைகள் பறக்கும் முறையை ஆராய்வதற்கென 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவியை அமைத்தார். நொடிக்கு 12 படங்கள் எடுத்த அக்கருவி அந்நாளில் ஒரு விந்தை. இந்நாளிலோ பறவையின் கண்ணைத் தாமே கண்டறிந்து குவியத்தைச் சரிசெய்துகொள்ளும் கேமராக்கள் கடைகளில் கிடைக்கின்றன. இந்நிலையில், கருவி தரும் தெளிவைக் கலைஞனின் சிறப்பாகக் கொள்வது, அச்செழுத்தின் அழகைக் கவிஞனின் புகழாக்குவதையே ஒக்கும்.

இக்கருத்தை ஆராய்வதற்குச் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரம் ஏற்ற களமாகும். 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக விளங்கிய இடம் அது. ரேஸ்கோர்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது. சிங்கப்பூர் மண்ணிலிருந்து முதல் விமானம் 1911-இல் எழுந்ததும் அத்திடலிலேதான். அன்று மனிதன் பறந்ததைக் காண மக்கள் திரண்டனர். இன்று அதே வட்டாரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கிடையே நாள்தோறும் பறக்கும் சிறு பறவைகளைக் காண்போர் சிலரே. வேலிச்செடிகளில் தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடமைக்கின்றது. தேன்சிட்டோ தாழ்வாரத்துப் பூந்தொட்டிச் செடியிலும் தொங்கு கூடு கட்டத் தயங்குவதில்லை.

இத்தகைய தேன்சிட்டை இருவகையாகப் படமாக்கலாம். முதல் வகையில் பறவை படம் முழுவதையும் நிரப்பி நிற்கும். கழுத்தின் நீலமும் வயிற்றின் மஞ்சளும் ஒளிரும். பின்புலமோ பச்சை மெழுகுபோல் கரைந்து கிடக்கும். இரண்டாம் வகையில் பறவை சிறிதாகவே தெரியும். பெண்சிட்டு சிலந்தி நூலைக் கவ்வித் தொட்டிச் செடியை நோக்கி வரும். சிறகு சற்றே கலங்கியிருக்கும். பின்னே துணி உலரும் மூங்கிற் கழிகளும் பாதி திறந்த சன்னலும் காணப்படும். போட்டிகளில் பரிசு பெறுவது பெரும்பாலும் முதல் வகையே. ஆனால் பறவையின் வாழ்வைக் கூறுவது இரண்டாவதே. கலங்கிய சிறகு அங்குக் குறையன்று. அதுவே பறத்தலின் சுவடு.

தமிழ் மரபில் இதற்கோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளையும் வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருளாக, அவற்றோடு பிணைந்து நிற்பது கருப்பொருள். நிலத்திலிருந்து பிரித்தெடுத்த பறவை வெறும் அணியாகுமேயன்றிக் கருப்பொருள் ஆகாது. பின்புலம் அழிந்த படத்திலுள்ள தேன்சிட்டு எந்நாட்டினதாகவும் இருக்கலாம். மூங்கிற் கழிகளுக்கிடையே பறப்பதோ அடுக்குமாடித் திணைக்கே உரியது.

அண்மைப் படங்கள் பயனற்றவை எனக் கூறுதல் நடுநிலை ஆகாது. இனத்தை அடையாளம் காணவும், கண்ணுக்கு எட்டாத இறகமைப்பை அறியவும் அவை உதவுகின்றன. ஆயினும் சான்றாதல் வேறு, கலையாதல் வேறு. இவ்விரண்டையும் இணைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே படக்கருவி அமைத்துக்கொண்டார். வண்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே போற்றினார். 1950 முதல் இறுதிவரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இடையறாது எழுதி, காட்டு யானையோடு ஊர்ப்புறப் பறவைகளையும் சிறப்பித்தார். பறவையை அறிந்தவனுக்கே அதன் அடுத்த அசைவு தெரியும் என்பதற்கு இத்தகையோர் வாழ்வே எடுத்துக்காட்டு.

அறியும் பொறுமை இல்லாத இடத்தில் சூழ்ச்சி புகுகின்றது. இரை வைத்து வரவழைத்தலும், கூட்டை மறைக்கும் இலைகளைக் களைதலும் சில நாடுகளில் வழக்கமாகிவிட்டன. மறைப்பை இழந்த கூடு வெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகும். அஞ்சிய தாய் குஞ்சுகளைக் கைவிடவும் கூடும். சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு இரையிடுதல் 2020 ஜூன் முதல் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, திறனாய்வு நோக்கிலும் இது பிழையே. வைத்த இரைக்கு வந்த பறவையை இயல்பாக வந்ததுபோற் காட்டும் படம் பொய் கூறுகின்றது. பொய்யான உவமையைப் பொறுக்காத வாசகன் பொய்யான படத்தை மட்டும் ஏன் பொறுத்தல் வேண்டும்?

ஃபேரர் பார்க் திடலில் புதிய குடியிருப்புகள் எழுப்பும் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. நிலம் மாறுங்கால் அதன் கருப்பொருளும் மாறும். எந்த மரத்தில் எந்தப் புள் இருந்தது, எந்தத் தாழ்வாரத்தில் கூடு கட்டியது என்பனவற்றை வருங்கால மாணவர் அறிய விரும்பின், அவர்களுக்கு உதவுவது பின்புலத்தைத் துடைத்தெறிந்த படம் அன்று. சிறிய பறவையைப் பெரிய நிலத்தோடு சேர்த்துக் காட்டிய படமே. ஆசிரியர்கள் கருப்பொருளைக் கற்பிக்கும் வகுப்பில் அத்தகைய படமொன்றைச் சுவரில் மாட்டுவரேல், பழைய இலக்கணம் மாணவர்க்குப் புதிய கண்ணாகும்.