பிசகும் கணுக்கால்: ஆய்வுகள் நிறுவியதும் நிறுவாததும்

காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதற்குப் பயில்பவருக்கு வாய்ப்பவை வெடித்த கரிசலும் கண்மாய்க் கரையும் சரளைப் பாதையும். கால் பிரண்டால் சுளுக்கு வழித்துவிட்டு, வீக்கம் வற்றியதும் ஓடுகிறார்கள். அதே கால் மீண்டும் பிரள்கிறது. முதல் சுளுக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களிலேயே ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் இது நாட்பட்ட கணுக்கால் நிலையின்மையாக மாறியதை 2016இல் வெளியான டப்ளின் ஆய்வு காட்டியது. ஏன் பிரள்கிறது, ஓட்டம் எப்படி மாறுகிறது, எப்படித் திருத்துவது? இந்த நிலையின்மையை ஆராயும் துறையை இம்மூன்று கேள்விகளைக் கொண்டே எடைபோட வேண்டும்.

முதல் கேள்விக்கு 1965இல் ஆய்வாளர் ஃபிரீமன் தந்த விடை துணிவானது: தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்நரம்புகளும் சிதைகின்றன, மூட்டு தன் நிலையை அறியத் தவறுகிறது. மூட்டுத் தளர்ச்சியைத் தாண்டி நரம்புக் கட்டுப்பாட்டை நோக்கிச் சிந்தனையைத் திருப்பியது அதன் பெருமை. தசைநாரின் உணர்வுக்கு அளவுமீறிய பொறுப்பைச் சுமத்தியது அதன் குறை. 1993இல் கொன்ராட்சன் குழுவினர் தசைநார்களை மரத்துப்போகச் செய்து சோதித்தபோது, பிறர் அசைக்கும் மூட்டின் உணர்வு மங்கியது. தானே அசைக்கும் மூட்டின் உணர்வும் தசையின் அனிச்சை வேகமும் குன்றவில்லை. 2002இல் ஆய்வாளர் ஹெர்டெல் தளர்ச்சியையும் கட்டுப்பாட்டுக் குறையையும் ஒரே சட்டகத்தில் இணைத்தார். ஒத்திசைவில் அது ஃபிரீமனை விஞ்சுகிறது.

துறையின் தனிச் சாதனை இரண்டாம் கேள்வியில்தான். நிலையின்மை உள்ளோர் ஓடும்போது பாதம் தரையைத் தொடும் முன்பே உட்புறமாகத் திரும்பியிருக்கிறது. போதிய அளவு மேல்நோக்கி மடங்குவதில்லை. எடை வெளிவிளிம்புக்கு நகர்கிறது. அப்படி இறங்கும் பாதத்தைத் தரையின் எதிர்விசையே மேலும் உள்ளே புரட்டும். கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் அனிச்சையாகச் சுருங்கித் தடுப்பதற்குள் பிசகு நிகழ்ந்துவிடும். ஆகவே காப்பது தொட்ட பின் எழும் எதிர்வினை அன்று. தொடுமுன் அமையும் நிலை. சிதறிய அளவீடுகளை ஒரே இயக்க விதியில் கோத்த இந்த விளக்கம் வலுவானது.

முறையியல் அந்த அளவுக்கு வலுவானதல்ல. பெரும்பாலான ஆய்வுகள் காயத்துக்குப் பின் எடுத்த அளவீடுகள். பாதத்தின் இந்தக் கோணல் காயத்தின் விளைவா, காயத்துக்கே காரணமா என்று அவற்றால் பிரித்தறிய இயலாது. பன்னாட்டுக் கணுக்கால் கூட்டமைப்பு ஆய்வுக்கு ஆள் தேர்வதற்கான அளவுகோல்களை வகுத்ததே 2013இல்தான். முந்தைய முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது கடினம். காலணியோடு டிரெட்மில்லின் சமதளத்தில் பெற்ற கோணங்களை, அடிக்கு அடி சாய்வு மாறும் கரிசலில் ஓடுபவருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

என் தீர்ப்பு இது: விளக்கத்தில் தேர்ச்சி, காரணத்தை நிறுவுவதில் தேக்கம். மூன்றாம் கேள்விக்கு, சமநிலைப் பயிற்சி மீண்டும் பிசகுவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. ஓடும் விதத்தையே திருத்தும் பயிற்சிக்கு அந்தத் தகுதி இன்னும் வாய்க்கவில்லை. பயிற்றுநர்கள் முன்னதைத் தயங்காமல் ஏற்கட்டும். ஒற்றைக்காலில் தள்ளாடாமல் நிற்க முடியாத இளைஞரை, வீக்கம் வற்றியது என்பதற்காக மட்டும் ஓடவிடக் கூடாது.