மோதிரத்துக்கு மெஷின், நாணயத்துக்குக் காந்தம்

ஆற்றில் மோதிரம் தொலைவது பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீரில், சோப்புப் போடும் நேரத்தில்தான். குளிர்ந்த நீரில் விரல் லேசாகச் சுருங்கும், சோப்பு வழுக்கும், தலையைத் தேய்த்துவிட்டுக் கையை உதறினால் கதை முடிந்தது. அப்படி விழுந்ததை மீட்க முடியுமா என்று பார்க்கத்தான் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டரைத் தாமிரபரணிக்குக் கொண்டுபோனேன். கோடையில் நீர் வற்றியிருந்தபோது பாபநாசத்திலும், திருநெல்வேலி குறுக்குத்துறையிலும் இறக்கிப் பார்த்தேன்.

ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தயாரிப்பு. எடை 1.34 கிலோ. மூன்று மீட்டர் ஆழம் வரை முழுவதுமாகத் தண்ணீரில் முக்கலாம். அடியில் இருக்கும் வட்டு 11 அங்குலம். அதிலுள்ள கம்பிச்சுருள் மின்காந்த அலையை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் சிக்னல் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து, கருவி -9 முதல் 40 வரை ஓர் எண்ணைத் திரையில் காட்டும். சுழியமும் அதற்குக் கீழும் இரும்பு. மேலே போகப் போக மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகங்கள். வெள்ளி உச்சியில் இருக்கும். சிறிய தங்க நகைகள் கீழ்ப் பாதியில் கிடக்கும். அலுமினியத் தாளும் குளிர்பான டின் மூடியின் வளையமும் அதே கீழ்ப் பாதியில்தான் இருக்கின்றன. தங்கம் வேண்டுமென்றால் குப்பையையும் தோண்டித்தான் ஆகவேண்டும். இதைத் தவிர்க்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை.

இந்த எண்முறை அமெரிக்க டைமுக்கும் குவார்ட்டருக்கும் அருமையாகப் பொருந்துகிறது. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களிடம் வந்ததும் தடுமாறுகிறது. அவை துருப்பிடிக்காத ஒருவகை எஃகு: 83 விழுக்காடு இரும்பு, 17 விழுக்காடு குரோமியம். காந்தம் ஒட்டும். தட்டையான வட்ட இரும்பு என்பதால் சிக்னல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வட்டை ஒரு பக்கமாக வீசினால் உயர்ந்த எண், திருப்பி வீசினால் இரும்பின் உறுமல். சோடா பாட்டிலின் தகர மூடியும் அச்சு அசலாக இதையே செய்கிறது. இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டால் மூடியோடு ரூபாயும் ஒதுங்கிவிடும். போடாவிட்டால் காது கிழியும். பித்தளை நிறத்து ஐந்து ரூபாய் மட்டும் ஒழுங்காகப் பேசுகிறது. பழைய ஓட்டைக் காலணா வெண்கலம். அது கிடந்தால் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒலி வரும்.

பாபநாசத்தில் பையன்கள் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்றில் வீசி, இழுத்துக் காசு எடுக்கிறார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தமே போதும். யாரோ வேண்டிக்கொண்டு போட்ட ரூபாய் அடுத்த சில நிமிடங்களில் மேலே வந்துவிடுகிறது. அறிமுகமானபோது அமெரிக்காவில் 899 டாலர் விலையிருந்த கருவி, காசு விஷயத்தில் இந்தக் காந்தத்திடம் தோற்றது. நான் ஒரு சிக்னலை உறுதி செய்து குனிவதற்குள் பக்கத்தில் நின்ற பொடியன் நாலைந்து நாணயங்களைத் துடைத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான். “அண்ணாச்சி, கண்ணிவெடியா தேடுதிய?” என்ற கேள்வி வேறு. எத்தனை தடவை விளக்கம் சொன்னாலும் பாலத்தின் மேல் கூட்டம் கூடுவதைத் தடுக்க முடியாது.

ஆனால் காந்தத்துக்குத் தங்கம் தெரியாது. மெஷின் தன் விலைக்கு வேலை செய்வது இங்கேதான்.

குறுக்குத்துறையில் ஒரு மாப்பிள்ளை தன் கல்யாண மோதிரத்தை முந்தின நாள் விட்டிருந்தார். மாமனார் போட்ட மோதிரம் என்பதால் பதற்றம் கொஞ்சம் கூடுதல். எந்தப் படியில் இறங்கினார், எந்தப் பக்கம் பார்த்து நின்றார், எந்தக் கையால் தலை தேய்த்தார் என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டேன். இந்த விசாரணையில் கிடைக்கும் பலன் எந்த மென்பொருளிலும் கிடைக்காது. நின்ற இடத்திலிருந்து நீரோட்டத்தின் போக்கில் நாலு எட்டுக்குக் கயிறு கட்டி, அதை வரிவரியாகத் தடவினேன். கருவியை ‘பார்க் 2’ என்ற அமைப்பில் வைத்திருந்தேன், அது நுண்ணிய நகைகளுக்கு ஏற்றது. மூடாத வளையம்போல் இல்லாமல் முழு வட்டமாக இருக்கும் மோதிரத்தில் சுழல் மின்னோட்டம் தடையின்றி ஓடும். அதனால் சிக்னல் உருண்டையாக, எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே எண்ணோடு வந்தது. இரண்டு கற்களின் இடுக்கில், கையகல ஆழத்தில் இருந்தது.

இதே கருவி மெட்டியைத் தவறவிடக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வெள்ளிதானே, உச்சி எண் வர வேண்டாமா? பெரும்பாலான மெட்டிகள் விரலுக்கேற்ப விரிக்கும்படி அடியில் வெட்டு விட்டுச் செய்தவை. வட்டம் அறுந்திருப்பதால் மின்னோட்டம் முழுச் சுற்று ஓட முடியாது. சிக்னல் சட்டென்று சுருங்கிவிடும். மெல்லிய தங்கச் சங்கிலி அதைவிட மோசம். கருவியின் பார்வையில் அது ஒரு சங்கிலியே இல்லை, நூறு குட்டி வளையங்கள். கொக்கியோ டாலரோ இருந்தால் அதுதான் ஒலிக்கும். மூக்குத்திக்கு அலைவரிசையை 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பார்த்தாலும், வட்டு நேராக அதன் மேல் போனாலொழிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

தாலி தனிக் கதை. நம் பெண்கள் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். கொடியோடு விழுந்தால் தங்கமும் இரும்பும் ஒரே குவியலாகக் கிடக்கும். இரும்பின் சிக்னல் தங்கத்தை மறைக்கும். இரும்புத் தொல்லை அதோடு நிற்பதில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. மட்கிய துணியின் கொக்கிகளும் ஜிப்புகளும் மணலுக்குள் பரவிக் கிடக்கின்றன. அங்கே 11 அங்குல வட்டு ஒரே நேரத்தில் பல உலோகங்களைப் பார்த்துக் குழம்புகிறது. தனியாக வாங்கக்கூடிய 6 அங்குல வட்டுதான் அந்த இடத்துக்குச் சரி. பெரிய வட்டை நீரோட்டம் இழுப்பதால் தோளும் வலிக்கும்.

எங்கே தேடுவது என்பதற்கு ஆறே விடை வைத்திருக்கிறது. மணலின் அடர்த்தி ஏறக்குறைய 2.65, பழைய அலுமினியப் பத்துப் பைசா 2.7. இரண்டும் சேர்ந்தே உருண்டு போய்விடும். சுத்தத் தங்கம் 19.3. அது உருளாது, இறங்கும். வெள்ளம் மணலைக் கலக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய், பாறையையோ கெட்டித் தரையையோ தொட்டதும் நிற்கும். ஆகவே நேற்று விழுந்த மோதிரத்துக்கு இந்தக் கருவி நல்லது. பத்து வெள்ளத்துக்கு முன் விழுந்தது பெரும்பாலும் அதற்கு எட்டும் ஆழத்துக்கு அப்பால் போயிருக்கும். சின்ன நகையைப் பொறுத்தவரை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கூடவே வரும் கம்பியில்லா ஹெட்போன் கரையில்தான் உதவும். ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டாது. கட்டுப்பாட்டுப் பெட்டி மூழ்கியதும் ஒலி அறுந்துவிடும். நீர் புகாத கம்பி ஹெட்போனைத் தனியே வாங்க வேண்டும். அதையும் ஒரு காதில் மட்டும் மாட்டுவதே என் பழக்கம். மேலே அணையிருக்கும் ஆற்றில் கரையிலிருந்து யாராவது சத்தம் போட்டால் கேட்க வேண்டும். கசம் என்னும் ஆழமான மடு இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். மூன்று மீட்டர் என்பது கருவிக்குச் சொன்ன கணக்கு, நமக்கில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்பட்டது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயைப் பார்த்துச் சிரிக்கலாம், சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை சங்ககால நாணயங்களையும் பெயர் பொறித்த மோதிரங்களையும் தந்திருக்கிறது. பழசாகத் தெரிந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உரியவர் யாரென்று தேடாமல் அடுத்தவர் நகையை வைத்துக்கொள்வதும் குற்றமே. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

வாங்கலாமா? ஆற்றிலும் கடலிலும் அடிக்கடி தேடுகிறவர் என்றால் வாங்கலாம். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் இதன் பலம் உப்புத் தண்ணீரில்தான் முழுதாகத் தெரியும். நன்னீரில் அதில் பாதி சும்மா கிடக்கிறது. ஆறு, குளம் மட்டும் போதுமென்றால் துருக்கியின் நோக்டா சிம்ப்ளெக்ஸ் விலை குறைந்தது. அதையும் தண்ணீரில் முக்கலாம். ஒலி கேட்காத இடத்தில் கைப்பிடி அதிர்ந்து சொல்லும். காசு பொறுக்கும் ஆசையில் இரண்டையும் வாங்க வேண்டாம், ஸ்பீக்கர் காந்தம் போதும்.

எதுவானாலும் முதலில் வாங்க வேண்டியது, உலோகம் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்கமான பின்பாயின்டர். நான் வைத்திருப்பது கேரட் நிறுவனத்தின் காரட் நிறத்து ப்ரோ-பாயின்டர் ஏடி. ஆறு மீட்டர் வரை நீர் புகாது. கற்கள் நிறைந்த படித்துறையில் பெரிய வட்டு நுழையாத இடுக்கில் இதன் நுனி நுழையும். விழுந்த இடம் துல்லியமாகத் தெரிந்தால் மெஷினே இல்லாமல் இது ஒன்றே மோதிரத்தை எடுத்துக் கொடுத்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு 9 வோல்ட் பேட்டரி. எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.