ஆள்காட்டிக்கு மேட்டூர் தெரியுமா?

மோகனூரில் காவிரிக் கரையோரம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். வாழைக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினை ஆற்றுக்குள்ளேயே வைத்திருந்தார். "வெள்ளம் வந்தா?" என்றேன்.

"வராதுங்க தம்பி. ஆள்காட்டி பள்ளத்துல முட்டை வெச்சிருக்குது. தண்ணி வர்றதா இருந்தா மேட்டுக்குப் போயிருக்குமுங்க."

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நம்மூர் ஆசாமிகள் உடனே 'முன்னோர் ஞானம்' என்று கை கூப்பி விடுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மோகனூருக்குப் பெருவெள்ளம் வருவது மோகனூர் மழையால் அல்ல. குடகிலும் வயநாட்டிலும் கொட்டி, கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் 120 அடியைத் தொட்டு, மதகைத் திறந்தால் வருகிறது. 2018 ஆகஸ்டில் அப்படித்தான் வந்தது. திறக்கப் போகிற அதிகாரியின் மனசு ஆள்காட்டிக்கு எப்படித் தெரியும்?

பறவைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசியில், சூறாவளி வருவதற்கு ஒரு நாளுக்கும் முன்பே சில கதிர்க்குருவிகள் இடத்தைக் காலி செய்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது ஓரிரு நாள் சமாசாரம். ஒரு பருவத்துக்கே ஜோசியம் சொல்வது வேறு. தூக்கணாங்குருவி கூடு கட்டினால் மழை என்கிறோம். அது கூடு பின்ன நீளமான பச்சைப் புல் வேண்டும். புல் வளர மழை பெய்திருக்க வேண்டும். மழை முன்னால், குருவி பின்னால். நாம்தான் மாற்றிப் படிக்கிறோம்.

தமாஷ் என்னவென்றால், இதே நாமக்கல் மாவட்டத்தில் கோடிக்கணக்கில் கோழிகள் இருக்கின்றன. எந்தப் பண்ணைக்காரரும் கோழியைப் பார்த்து வானிலை சொல்வதில்லை. வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் கோழியைக் கவனிக்கிறார்கள். முட்டை அங்கே முதலாச்சே!

பி.காம். படித்த புத்தி, கணக்குக் கேட்டேன். "2018-ல எங்கீங்க வெச்சுது?"

பெரியவர் யோசித்தார். "அந்த வருஷம் யாருங்க தம்பி பார்த்தா?"

பலித்த வருஷம் மட்டும் வரவில் ஏறும். பலிக்காத வருஷத்துக்குப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

"எதுக்கும் இன்ஜினை மேலே ஏத்திடுங்க" என்றேன்.

"பார்க்கலாமுங்க" என்றார். முட்டையைத்தான் சொல்கிறாரோ, இன்ஜினையோ!