வோல்ஸின் சிறு தாள்கள்

இருபதாம் நூற்றாண்டு அரூப ஓவிய வரலாற்று நூல்களில் வோல்ஸுக்கு ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். அந்தப் பத்தி அநேகமாக எல்லா நூலிலும் ஒன்றேதான். 1947 மே மாதம் பாரிஸின் வான்தோம் சதுக்கத்தில், ரெனே த்ரூவானின் காட்சிக்கூடத்தில் நாற்பது தைலவண்ண ஓவியங்கள். அவற்றைப் பார்த்து அதிர்ந்துபோன ஜார்ஜ் மத்தியூ என்ற இளம் ஓவியர். அங்கிருந்து கிளைத்த ‘தாஷிஸம்’, ‘அன்ஃபொர்மெல்’ போக்குகள். பிறகு குடி, வறுமை, 38 வயதில் மரணம். தகவல்களில் பிழை இல்லை. முக்கியத்துவம் கொடுத்த இடத்தில்தான் பிழை. வோல்ஸைப் பெரிய ஓவியர் ஆக்குவது அந்த நாற்பது கித்தான்கள் அல்ல. அவற்றுக்கு முன்னும் பின்னும் அவர் செய்துவந்த, நோட்டுப்புத்தகப் பக்கம் அளவுகூடத் தேறாத நீர்வண்ணத் தாள்கள்தான். இப்படிச் சொல்வது அந்தத் தாள்களையும் கறாராகப் பார்க்கும் பொறுப்பை நம்மேல் சுமத்துகிறது.

ஆல்ஃப்ரெட் ஓட்டோ வோல்ஃப்காங் ஷுல்ட்ஸே 1913இல் பெர்லினில் பிறந்து ட்ரெஸ்டனில் வளர்ந்தார். தந்தை சாக்ஸனி அரசில் உயர் அதிகாரி. வசதியான வீடு; பையன் வயலின் நன்றாக வாசிப்பான். 1932இல் கலைஞர் மொஹோலி-நாகி சொன்ன யோசனைப்படி பாரிஸுக்குப் போனார். ஹிட்லரின் ஜெர்மனி கட்டாயப் பணிக்கு அழைத்தபோது திரும்ப மறுத்தார். ஸ்பெயினில் சில காலம், பார்சலோனாவில் சிறை, அங்கிருந்து வெளியேற்றம், மறுபடியும் பிரான்ஸ். ஓவியர் ஃபெர்னான் லெஜே போன்றவர்கள் உதவியதால் 1936இல் பாரிஸில் தங்க அனுமதி கிடைத்தது. அதற்கும் மாதாமாதம் காவல்துறையிடம் போய் முகம் காட்ட வேண்டும். ‘வோல்ஸ்’ என்ற பெயரே, ஒரு தந்தியில் அவர் பெயர் சிதைந்து வந்ததில் பிறந்தது என்பார்கள்.

அப்போது அவர் முதன்மையாகப் புகைப்படக்காரர். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஆடை அலங்கார அரங்கின் உருவப்பொம்மைகளைப் படம் எடுத்தது அவருக்குச் சோறு போட்டது. ஆனால் கவனிக்க வேண்டியவை வேறு படங்கள்: தோலுரித்த முயல், அவரை விதைகள், சிறுநீரகத் துண்டு, சிதறிக்கிடக்கும் பொத்தான்கள். சமையலறைப் பொருட்களை மிக அருகில் போய், பின்னணியை வெட்டிவிட்டு, எது பெரிது எது சிறிது என்று தெரியாத அளவுக்கு நெருக்கியிருக்கிறார். வோல்ஸின் அரூபத்துக்கான திறவு இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. காண்டின்ஸ்கி இசையிலிருந்தும் ஆன்மிகக் கோட்பாட்டிலிருந்தும் அரூபத்துக்கு வந்தார். மொந்திரியான் மரத்தைப் படிப்படியாகக் களைந்து கட்டத்துக்கு வந்தார். வோல்ஸ் எதையும் களையவில்லை, கோட்பாடும் பேசவில்லை. பொருளுக்குப் பெயர் சொல்ல முடியாமல் போகும் தூரம்வரை கிட்டே போனார், அவ்வளவுதான். அவருடைய தாள்களில் வேரா நரம்பா, துறைமுகமா பூஞ்சையா என்று தீர்மானிக்க முடியாமல் கண் தவிப்பது அதனால்தான்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியர்களையும் பிரான்ஸ் ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து அடைத்தது. வோல்ஸ் பல முகாம்களில் மாறிமாறிப் பதினான்கு மாதம் இருந்தார். அவற்றில் ஒன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் அருகே லே மீல் என்ற இடத்தில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலை. கலைஞர்கள் மாக்ஸ் எர்ன்ஸ்ட், ஹான்ஸ் பெல்மர் ஆகியோரும் அதே செங்கல் தூசிக்குள் இருந்தார்கள். அங்கே கேமராவும் இல்லை, இருட்டறையும் இல்லை. தாள், மை, கொஞ்சம் நீர்வண்ணம் கிடைத்தன. குடிப்பழக்கம் வேரூன்றியதும் இந்த மாதங்களில்தான். ருமேனியாவில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த க்ரேட்டியை மணந்ததால் 1940 அக்டோபரில் வெளியே வந்தார். காஸ்ஸி என்ற கடலோர ஊர். 1942 இறுதியில் ஜெர்மன் படை தெற்கையும் பிடித்தபோது மலைப்பக்கம் தியூல்ஃபி. அமெரிக்காவுக்குப் போக முயன்றார், நடக்கவில்லை. எழுத்தாளர் கே பாயில் எடுத்துச் சென்ற தாள்கள் மட்டும் போய்ச் சேர்ந்து, 1942இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன.

எனவே ‘அகதியின் கலை சிறிதாகத்தான் இருக்கும், பெட்டிக்குள் அடங்க வேண்டுமே’ என்று சொல்லிவிடலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். இது பாதி உண்மை. தொடங்கிய காரணத்தை விளக்கும். தொடர்ந்த காரணத்தை விளக்காது. 1946இல் த்ரூவான் கித்தானும் வண்ணக் குழாய்களும் கொடுத்த பிறகும், போர் முடிந்து பாரிஸுக்குத் திரும்பி, ஒளிந்து வாழ வேண்டிய நெருக்கடி நீங்கிய பிறகும், வோல்ஸ் தாளை விடவில்லை. தாளின் அளவையும் கூட்டவில்லை. நெருக்கடி தந்த அளவை அவர் பிறகு தானாகவே தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வுக்குக் காரணம் அவர் கை வேலை செய்த விதத்தில் இருக்கிறது.

நாற்பதுகளின் நடுவில் செய்த நல்ல தாள் ஒன்றைப் பார்த்தால் அது புரியும். நடுவில், சற்றே மேலே, கோடுகளின் ஒரு முடிச்சு. பேனா முள்ளால் இழுத்த, மயிரிழைக்கு ஈடான கோடுகள் அதிலிருந்து கிளம்பி, பிரிந்து, மறுபடி பின்னிக்கொள்கின்றன. சுற்றிலும் வெளிறிய சிவப்பு, சாம்பல், பழுப்பு மஞ்சள் என்று நீர்த்த வண்ணம். ஈரம் காயாத இடத்தில் மை கசிந்து மங்குகிறது. காய்ந்த இடத்தில் அதே கோடு ஊசியாக நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களைக் கையாளுவதுதான் வோல்ஸின் தொழில்நுட்பம். தைலத்தில் சுரண்டலாம், மேலே பூசலாம், நாளைக்கு வந்து திருத்தலாம். நீர்வண்ணத்தில் அந்தச் சலுகை மிகக் குறைவு. தோள் அசையத் தேவையில்லை, விரல் நுனிகள் போதும். அடுத்த கோடு எங்கே போவது என்பதை முந்தைய கோடு தீர்மானிக்கிறது. திட்டம் போட்டு வரைந்ததாகத் தோன்றாது; ஆனால் தாறுமாறாகவும் தோன்றாது. தற்செயலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் இவ்வளவு நேரம் நின்றவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலரே.

பால் க்ளேயின் நிழல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, 1937 முதல் 1941 வரையிலான தாள்களில் நிறையவே உண்டு. கயிற்றில் நடக்கும் குட்டி உருவங்கள், விசித்திர விலங்குகள், மிதக்கும் கூடாரங்கள் எல்லாம் க்ளேயிடமும் சர்ரியலிஸ்டுகளிடமும் வாங்கிய சரக்கு. வசீகரமாக இருக்கும், அவ்வளவே. பின்னாளில்கூட, கப்பல்களும் நகரங்களும் வரும் தாள்களில் ஒரு சூத்திரம் தலைகாட்டுகிறது: ஜன்னல் ஜன்னலாகக் கோடு போட்டு இடத்தை நிரப்பிவிடுவது. கை பழகிவிட்டால் வரும் நோய் இது. வரிசையாகப் பத்துத் தாள்களைப் பார்த்தால் ஆறாவதில் அலுப்பு தட்டும். வீச்சிலும் வோல்ஸ் க்ளேக்கு அருகில் வர முடியாது. பத்தாண்டு பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்த க்ளேக்கு நகைச்சுவை தெரியும், கட்டடம் தெரியும், வண்ணத்தை இசைபோல அடுக்கத் தெரியும். வோல்ஸுக்கு ஒரே சுரம்தான். ஆனால் அந்த ஒரு சுரத்தில் அவர் க்ளே போகாத இடத்துக்குப் போகிறார். க்ளேயின் கோடு எப்போதும் தன்னை அறிந்த கோடு; பின்னால் ஓர் ஆசிரியர் நிற்கிறார். வோல்ஸின் சிறந்த தாள்களில் கோட்டுக்குப் பின்னால் யாரும் நிற்பதாகத் தெரிவதில்லை. அது தானே வளர்ந்து, தானே அழுகத் தொடங்குகிறது.

இனி தைலங்கள். குழாயிலிருந்து நேரே பிதுக்கி, விரலால் தேய்த்து, கூர்முனையால் கீறி, வழிய விட்டு அவர் செய்த 1946-47 கித்தான்களின் துணிச்சலை மறுக்க முடியாது. அதே காலத்தில்தான் அமெரிக்க ஓவியர் பொல்லாக் வண்ணத்தைச் சொட்டவிடத் தொடங்கினார். இருவரையும் ஒப்பிடும் ஆசை வரலாற்றாசிரியர்களுக்கு வந்ததில் வியப்பில்லை. எனக்குப் படுவது வேறு. தாளில் தீர்மானமாக இருந்த கீறல், கித்தானில் ஆவேசமாக மாறுகிறது. ஆவேசம் தூரத்திலிருந்தே தெரியும். மத்தியூ போன்றவர்கள் பின்பற்றியதும் அதைத்தான். பின்னாளில் கூட்டத்தின் முன் நின்று வாள்வீசுவதுபோல் வண்ணம் வீசிய மத்தியூவுக்கு வோல்ஸ் முன்னோடி என்றால், அந்தப் பெருமையில் வோல்ஸுக்கு லாபம் ஒன்றுமில்லை. விதிவிலக்குகள் உண்டு. 1951இல் வரைந்த, இன்று கொலோன் லுட்விக் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘நீல மாயவுரு’ நின்று பேசும் ஓவியம். அது வெற்றி பெறுவது, விரிந்த நீலத்தில் ஒற்றை உருவத்தை நடுவே விட்டுச் சுற்றிலும் அமைதி காக்கும் தாளின் முறையைக் கித்தானுக்குக் கொண்டுவந்ததால்தான்.

புகழ் எப்படி உருவானது என்பதையும் எடைபோட வேண்டும். 1951 செப்டம்பர் 1 அன்று, கெட்டுப்போன குதிரை இறைச்சி உண்ட நஞ்சினால் அவர் இறந்தார். பட்டினிக் கலைஞன் என்ற கதைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. பண உதவியும் செய்து, தன் நூல்களுக்குச் செதுக்கோவியமும் போடவைத்த தத்துவவாதி சார்த்தர் பின்னர் நீண்ட கட்டுரை எழுதினார். ஆழமான கட்டுரைதான், ஆனால் அதில் ஓவியத்தைவிட இருத்தலியம் அதிகம். காஸெல் நகரின் டாகுமெண்டா கண்காட்சி 1955, 1959, 1964 மூன்றிலும் வோல்ஸைத் தூக்கிப் பிடித்தது. அதன் அறிவுத் தலைமையில் இருந்தவர் கலை வரலாற்றாசிரியர் வெர்னர் ஹாஃப்ட்மான். அவர் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்ற செய்தி அண்மை ஆண்டுகளில்தான் பரவலாக வெளிவந்தது. 2021இல் பெர்லினின் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகம் அதைப் பொதுமக்கள் முன் வைத்தது. ஹிட்லருக்குப் பணிபுரிய மறுத்து நாடற்றவரானவரை, ஹிட்லரின் கட்சி அட்டை வைத்திருந்தவர் புதிய ஜெர்மனியின் ஓவியராக முன்னிறுத்தினார். தைலங்களுக்கும் ‘சுதந்திரத்தின் சைகை’ என்ற விளக்கத்துக்கும் கிடைத்த அழுத்தத்தில் இந்த முன்னிறுத்தலுக்குப் பங்குண்டு. முகாமில் மையும் தாளுமாக இருந்த மனிதனைவிடக் கித்தானோடு மல்லுக்கட்டும் நாயகன்தான் அந்த அரசியலுக்கு வசதி.

தலைப்புகளையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான படங்களுக்கு அவர் பெயரிடவில்லை, தேதியும் போடவில்லை. மற்றவர்கள் வைத்த பெயர்களைக்கொண்டு அவர் மனநிலையை ஆராயும் கட்டுரைகள் ஏராளம். அவற்றைத் தள்ளிவிட்டுத் தாளைப் பார்ப்பது நல்லது.

என் தீர்ப்பு இதுதான். இயக்கத் தந்தை என்ற பட்டத்தை வோல்ஸிடமிருந்து எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான தாள்களில் பாதியைத் திறமையான பயிற்சி என்று ஒதுக்கலாம். மிஞ்சும் பாதியில், குறிப்பாகக் காஸ்ஸி, தியூல்ஃபி காலத்திலும் போருக்குப் பிந்தைய பாரிஸின் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் செய்தவற்றில், அரூப நீர்வண்ணம் இருபதாம் நூற்றாண்டில் தொட்ட உச்சங்களில் ஒன்று இருக்கிறது. வீச்சில் க்ளேக்குக் கீழே, செறிவில் அவருக்குச் சமமாக. இந்தத் தீர்ப்பு பொதுக்கருத்தாக மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாளில் செய்த நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். அதனால் அருங்காட்சியகங்கள் அதைச் சுமார் 50 லக்ஸ் ஒளியில் சில மாதம் மட்டும் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் இருட்டில் வைக்கின்றன. கித்தான்களோ ஆண்டு முழுவதும் சுவரில் தொங்குகின்றன. வோல்ஸைத் தேடி வருபவர்கள் அவற்றைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.