பெரிய மீனுக்குச் சின்ன மீன் வைத்தியம்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விரலளவில் வாங்கி வந்த ஆஸ்காரும் அரோவானாவும் ஓரிரு ஆண்டுகளில் ஓரடி நீளத்துக்கு வளர்ந்துவிடுகின்றன. அதற்கேற்பத் தொட்டியை மாற்றுகிறோம், தீனியை மாற்றுகிறோம். வைத்தியம் மட்டும் மாறுவதில்லை. புண் தெரிந்தாலும் துடுப்பு அரித்தாலும் கல்லுப்பு, மெத்திலீன் ப்ளூ, கையில் கிடைத்த ஆன்டிபயாடிக் மாத்திரை என்று எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில்தான் கலக்குகிறோம். இந்த முறை முழுத் தவறு அல்ல. ஆனால் இதன் எல்லை எது என்று தெரியாமல் கையாள்வதால் காப்பாற்றக்கூடிய மீன்கள் சாகின்றன.

முதலில் இதன் பலம். நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட மிக அதிகம். அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் எந்நேரமும் உடலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் ஓயாத வேலை. தோல் கிழிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே வரும், உடலின் உப்பு வெளியே கசியும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு சேர்த்தால் இந்தச் சுமை குறைகிறது. மீன் மிச்சப்படுத்தும் சக்தி புண்ணை ஆற்றப் போகிறது. தண்ணீரில் சேரும் நச்சான நைட்ரைட் செவுள் வழியே நுழைவதையும் உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது. செதிலில்லாத கெளுத்தி இனங்கள் உப்பைத் தாங்கும் அளவு குறைவு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வெண்புள்ளி நோயிலும் இந்த முறை பொருத்தமானதே. தோலுக்கடியில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது விழுந்து பெருகி, குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஆகவே மருந்து தண்ணீரில் இருப்பதே சரி. மீனைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதும் சிறிய நன்மை அல்ல. இரண்டு கிலோ மீன் வலையில் துள்ளினால் செதில் உதிரும், உடலைக் காக்கும் வழவழப்புப் பூச்சு கழன்றுபோகும்.

இந்தப் பழக்கத்துக்குக் குளத்து அனுபவமும் ஒரு வேர். 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்த கொள்ளை நோய் விரால் உள்ளிட்ட நன்னீர் மீன்களைப் புண்ணாக்கி அழித்தது. அதற்குச் சுண்ணாம்பு இட்டார்கள். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தைக் குளத்தில் தெளித்தார்கள். ஆயிரக்கணக்கான மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க முடியாத இடத்தில் தண்ணீருக்கு மருந்திடுவதே வழி. வீட்டுத் தொட்டியில் இருப்பதோ ஒன்றோ இரண்டோ மீன். குளத்தின் நியாயம் இங்கே பாதிதான் செல்லும்.

குறைகள் இங்கிருந்து தொடங்குகின்றன. முதல் குறை அளவு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 450 லிட்டர் என்று கணக்கிட்டு மருந்து போடுகிறார்கள். மேலே மூன்று அங்குலம் காலியாக விட்டாலே அது 400 லிட்டருக்குக் கீழே போய்விடும். மணலும் மரக்கட்டையும் இன்னும் குறைக்கும். உப்பு ஆவியாகாது என்பதும் பலருக்கு மறந்துபோகிறது. கால்வாசித் தண்ணீராக நான்கு முறை மாற்றிய பிறகும் போட்ட உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தொட்டியிலேயே இருக்கும்.

இரண்டாவது, ஃபில்டர். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை மெத்திலீன் ப்ளூவும் பல ஆன்டிபயாடிக்குகளும் தாக்குகின்றன. பெரிய மீனின் கழிவு அதிகம் என்பதால் ஃபில்டர் தளர்ந்ததும் அம்மோனியா விரைவாக ஏறும். புண்ணுக்குப் போட்ட மருந்து செவுளைச் சுடுகிறது.

மூன்றாவதும் மிகக் கடுமையானதும் ஆன்டிபயாடிக் பழக்கம். நன்னீர் மீன் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. தண்ணீரில் கரைத்த மருந்தில் பெரும்பகுதி அதன் உடலுக்குள் போவதே இல்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்து, கடினமான போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்து வீணாகிறது. மீனுக்குக் கிடைப்பது அரைகுறை அளவு. அந்த அளவில் பாக்டீரியா சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகிறது. பிறகு நானூறு லிட்டர் மருந்துத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. இது ஒரு வீட்டோடு முடிகிற தீங்கு அல்ல.

நான்காவது, நோயை அறியாமலே மருந்திடுவது. பஞ்சு போலப் படர்ந்தால் பூஞ்சை என்று முடிவு கட்டி ஹீட்டரை ஏற்றுகிறார்கள். அது காலம்னாரிஸ் பாக்டீரியாவாக இருந்தால் வெப்பம் அதற்குத் துணைபோகும், மீன் சில நாளில் போய்விடும்.

இத்தனைக்கும் பெரிய மீன் நமக்கு ஒரு வசதியைத் தருகிறது. அதை எடை போடலாம். புண்ணிலிருந்து சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பரிசோதிக்கலாம். மயக்கமூட்டி, செவுளில் படாமல் புண்ணில் மட்டும் பொவிடோன் அயோடின் தடவலாம். தின்கிற மீனுக்குத் தீனியிலும் தின்னாத மீனுக்கு எடைக்கேற்ற ஊசியாகவும் மருந்து கொடுக்கலாம். விரலளவு மீனுக்கு இவற்றில் பலவும் நடைமுறையில் இயலாதவை. இதற்கும் விலை உண்டு. மயக்கத்துக்கான கிராம்பு எண்ணெய் சற்றுக் கூடினால் மீன் எழாது. பழகிய கையும் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரும் வேண்டும், அவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே ஆழமான புண்ணுக்கும் பரவும் நோய்க்கும் மட்டுமே இந்த வழியை நாட வேண்டும்.

மேலோட்டமான காயத்தை மீனே ஆற்றிக்கொள்ளும். அதன் மேல்தோல் உயிருள்ள செல்களால் ஆனது. அவை விளிம்பிலிருந்து நகர்ந்து வந்து சிறு காயத்தை ஓரிரு நாளிலேயே மூடத் தொடங்கும். உள்தோலும் செதிலும் தேற வாரங்கள் ஆகும். அதுவரை தேவைப்படுவது அம்மோனியா இல்லாத தண்ணீர், போதிய ஆக்சிஜன், வைட்டமின் சி உள்ள நல்ல தீனி. காயத்தின் காரணமும் நீங்க வேண்டும். உறையில்லாத ஹீட்டர், கூரான கட்டை, சண்டைக்கார மீன், திரும்ப இடமில்லாத தொட்டி ஆகியவை அப்படியே இருந்தால் எந்த மருந்தும் தோற்கும்.

எனவே தண்ணீரில் மருந்திடும் முறையை ஒதுக்க வேண்டியதில்லை, அதற்குரிய இடத்தில் வைத்தால் போதும். உப்பும் ஒட்டுண்ணி மருந்தும் அளந்து தண்ணீரில் போகட்டும். ஆன்டிபயாடிக் பரிசோதித்த பிறகு மீனின் உடலுக்குள் போகட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் கிட் இல்லாத வீட்டில் மருந்து டப்பாக்கள் மட்டும் அடுக்கியிருப்பதே இன்றைய பெரிய குறை. பெரிய மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியது அந்தக் கிட்டைத்தான்.