எல்லாம் ஒன்றில் அடங்குமா?

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது பழமொழி. இக்காலப் பெருவணிகருள் பலர் இதனை ஒப்புவதில்லை. வண்டி அழைத்தல், உணவு வருவித்தல், பணம் செலுத்துதல், கடன் பெறுதல், காப்புறுதி எடுத்தல் ஆகிய அனைத்தையும் ஒரே கைத்தொலைபேசிச் செயலியில் அடக்கிவிட வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. ‘சூப்பர் ஆப்’ என்று அதற்குப் பெயரும் இட்டுள்ளனர். இவ்வேட்கை தக்கதா என்பது ஆராய்தற்குரியது.

இவ்வழியைப் போற்றுவோர் முதலிற் சுட்டுவது சீனத்து வீசாட்டையே. அதன் வெற்றியை மறுப்பார் இலர். ஆயினும், அது வளர்ந்த முறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். டென்சென்ட் நிறுவனம் 2011 ஜனவரியில் அதனை வெளியிட்டபோது அது செய்தி அனுப்பும் கருவியாகவே இருந்தது. பணம் செலுத்தும் வசதி 2013இல் வந்தது. சீனப் புத்தாண்டில் அங்பாவ் வழங்கும் மரபு 2014இல் அதனுட் புகுந்தது. பிறர் ஆக்கிய சிறுசெயலிகள் அதனுள் இயங்கத் தொடங்கியது 2017இல்தான். மக்கள் நாள்தோறும் பலமுறை திறந்து பார்க்கும் பழக்கம் முதலில் வேரூன்றியது. கிளைகள் பின்னரே தோன்றின. மேலும், அச்சிறுசெயலிகளுட் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் பிறரே. சந்தைக்கு இடம் தந்தவர் ஒருவர். கடை விரித்தவர் பலர். இவ்வேறுபாட்டை உணராது எல்லாக் கடைகளையும் தாமே விரிக்க முற்படுவோர், வீசாட்டைச் சான்று காட்டுதல் பொருந்தாது.

கிராப் நிறுவனத்தின் வரலாறும் இதற்கு மாறானதன்று. அது 2012இல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்னும் பெயரில் வாடகை வண்டி அழைக்கும் செயலியாகத் தோன்றியது. உணவும் பணமும் வங்கியும் பின்னர்ச் சேர்ந்தவை. ஆளைக் கொண்டு சேர்த்தலும் உணவைக் கொண்டு சேர்த்தலும் தம்முள் அயலான தொழில்கள் அல்ல. வழி காணுதல், ஆள் அனுப்புதல், கட்டணம் பெறுதல் ஆகியவை இரண்டிற்கும் பொது.

உறவில்லாத தொழில்களைச் சேர்த்தால் விளைவது யாது? இந்தோனேசியாவின் கோஜெக் இதற்கு விடை தரும். 2015இல் செயலியை வெளியிட்ட அந்நிறுவனம், மோட்டார்சைக்கிள் பயணத்தோடு அமையாது, உடம்பு பிடித்துவிடுதல், வீடு துப்புரவு செய்தல் முதலிய பணிகளையும் மேற்கொண்டது. 2020 ஜூனில் அப்பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஊழியர் 430 பேர் வேலை இழந்தனர். நோய்த்தொற்றே காரணம் என்பர். அஃது உண்மையே. ஆயினும், இடர் வந்தபோது அந்நிறுவனம் பற்றி நின்றது பயணம், உணவு, பணம் என்னும் மூன்றையே என்பது கருதத்தக்கது.

நூற்குற்றம் பத்தனுள் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதையும் ஒன்றாக வைத்தார் நன்னூலார். நூலுக்குக் கூறிய அக்குற்றம் செயலிக்கும் பொருந்தும். அயற்பொருளைப் பெருக்கும் நூலில் கற்பவன் வழி தவறுவான். வண்டி வேண்டித் திறந்தவன்முன் கடனும் விளம்பரமும் பரிசுப் புள்ளியும் குவிந்தால், அவனும் அவ்வாறே தடுமாறுவான். அதனால் எல்லாச் செயலியும் ஒரு பணியே செய்தல் வேண்டும் என்பதன்று. ‘குன்றக் கூறல்’ என்பதும் அப்பத்தனுள் ஒன்றே. வண்டியை வரவழைத்துவிட்டுக் கட்டணம் செலுத்த வேறிடம் போகச் சொல்லும் செயலியும் குறையுடையதே.

‘எல்லாம் ஓரிடத்தில் இருப்பின் மக்களுக்கு எளிதன்றோ?’ எனச் சிலர் வினவுவர். எளிதுதான், ஆனால் ஓரிடத்தில் கட்டியது ஓரிடத்திலேயே அறும். 2022 அக்டோபர் 15இல் தென்கொரியாவில் ஒரு தரவு மையம் தீப்பற்றியது. காக்காவோ நிறுவனத்தின் செய்திச் சேவையும், வாடகை வண்டிச் சேவையும், பணம் செலுத்தும் சேவையும் ஒருங்கே முடங்கின. முழுதும் சீராகப் பல நாள்கள் ஆயின. அவை தனித்தனிச் செயலிகளாய் இருந்தும், அடித்தளம் பெரிதும் ஒன்றாய் இருந்தமையால் கேடும் ஒன்றாயிற்று. வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்கு இஃது அன்றைய வருவாய் பற்றிய செய்தி.

போட்டி குன்றுதலும் அத்தகைய இடரே. 2018இல் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் ஏற்றுக்கொண்டபோது, அதனால் போட்டி குறைந்தது எனச் சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் முடிவு செய்து, இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் வெள்ளி தண்டம் விதித்தது. ஒரே வாயில் வழியாக எல்லாரும் சென்றாக வேண்டிய நிலை வருமாயின், வாயிற்கட்டணத்தை முடிவு செய்பவன் வாயிலை உடையவனே. ஓட்டுநரும் உணவுக் கடைக்காரரும் அவன் சொல்லுக்கு இசைய நேரும்.

ஆதலின், இத்துறையில் இறங்கும் வணிகர் மூன்றினை முன்னரே எண்ணுதல் நலம். மக்கள் நாள்தோறும் நாடிவரும் பணி ஒன்று தம்மிடம் உண்டா? புதிதாகச் சேர்ப்பது அப்பணியோடு உறவுடையதா? ஒன்று முடங்கினால் மற்றவை நிற்குமா? மூன்றிற்கும் ‘ஆம்’ எனக் கூற இயலாதவர், தம் ஒரு தொழிலைச் செவ்வனே செய்து, பிறர் சந்தையில் ஒரு கடை வைத்துக்கொள்ளுதலே தக்கது. அச்சந்தையும் ஒன்றாய் இராமல் இரண்டாய் இருத்தல் அவர்க்கு மேலும் நன்று.