சுலபம் யாருக்கு?

கிரிக்கெட் இறுதிப் போட்டி வந்தால் சமையல் பக்கங்களில் 'மேட்ச் பார்த்துக்கொண்டே கொறிக்கச் சுலபமான பலகாரங்கள்' வந்துவிடும். வாழைக்காய் பஜ்ஜி, பத்தே நிமிடம். இது ஒரு ஈட்டுக்கான கணக்கு. பஜ்ஜியைச் சூடாகத்தான் தின்பார்கள். ஒரு இன்னிங்ஸோ 50 ஓவர், மூன்றரை மணி நேரம். ஈடு ஈடாகப் போட்டெடுப்பவளுக்கு ஆட்டம் என்பது கூடத்துக் கூச்சல் மட்டுமே.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் இந்தக் குறிப்பை வைத்துப் பாருங்கள். தார் சுற்றுவதும் கோர்வைக்குத் துணையாக உட்காருவதும் பெரும்பாலும் பெண்கள். எண்ணெய்க் கை பட்டில் படக்கூடாது. எந்தக் குறிப்பும் அந்தக் கை கழுவலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில், மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஆண்கள் மணிக்கணக்காக இட்லி அவிக்கிறார்கள். அதற்குப் பெயர் கைங்கரியம். சுலபம் என்று யாரும் சொல்வதில்லை.

2025 நவம்பர் 2, ஞாயிறு. ஹர்மன்பிரீத் கௌரின் அணி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தது. தீப்தி சர்மாவுக்கு 5 விக்கெட். பெண்கள் ஆடிய அந்த ஆட்டத்தின்போதும் உங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டி முன் நின்றது யார்?

என் வாக்கு சுண்டலுக்குத்தான். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். அதற்குக் கைப்பக்குவம் தேவையில்லை, வீட்டு ஆண்களே செய்யலாம். காலையில் வேகவைத்துத் தாளித்தால் ஆறினாலும் ருசி குறையாது. சமைத்தவளும் முதல் பந்திலிருந்து உட்கார்ந்து பார்க்கலாம். தேங்காயை அவர் துருவட்டும். டாஸ் போடுவதற்குள் முடித்துவிடலாம்.